கடல் கடந்த குயவர்கள்

சமயப் பெரியோரும் வணிகரும் ராஜ தூதரும் தேசம் விட்டுத் தேசம் சென்ற யாத்திரைகளைச் சரித்திரம் வெகு சிரத்தையோடு எழுதி வைத்திருக்கிறது. பாஹியானும் யுவான் சுவாங்கும் நடந்த வழிகளை நாம் பள்ளிக்கூடத்திலேயே பாடமாகப் படித்திருக்கிறோம். ஆனால் தறியில் அமர்ந்து நெய்தவனும், திரிகையைச் சுழற்றி வனைந்தவனும், தன் வித்தையின் மறுபக்கத்தை அறியும் ஆவலால் அயல் தேசத்தில் சில வருஷங்கள் வாசம் செய்து திரும்பிய கதைகளைத் தேடப் புகுந்தால், அவை ஏதேனும் ஒரு கண்காட்சியின் கணக்கேட்டிலோ, ஒரு பிரபலஸ்தரின் சுயசரிதையில் இரண்டே வரிகளிலோதான் அகப்படுகின்றன. கைவினைஞர்களையும் வடிவமைப்பாளர்களையும் வெளிநாட்டில் சில காலம் தங்கி ஆராய்ந்து வரும்படி அரசாங்கங்களும் தர்ம ஸ்தாபனங்களும் உபகாரச் சம்பளம் கொடுத்து அனுப்புவது இன்று சாதாரணமாகிவிட்டது. இந்த ஏற்பாட்டிற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அதில் வெற்றியும் துக்கமும் அவமானமும் கலந்திருக்கின்றன.

ஜப்பானில் 1868-இல் ஆட்சி மாறி, மறு வருஷம் சக்கரவர்த்தியின் வாசஸ்தலம் கியோத்தோவிலிருந்து தோக்கியோவுக்குப் பெயர்ந்தபோது, அரண்மனையையும் பிரபுக்களையும் நம்பிப் பட்டு நெய்துவந்த நிஷிஜின் நெசவாளர்கள் திடீரென்று ஆதரவற்றவர்களாயினர். கியோத்தோ மாகாண நிர்வாகம் அப்போது துணிச்சலான ஒரு காரியம் செய்தது. சகுரா ட்சுனேஷிச்சி, இனோவே இஹேய், யோஷிதா சூஷிச்சி என்ற மூவரை 1872-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகருக்கு அனுப்பி, அங்கே பட்டுத் தறிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கற்றுவரப் பணித்தது. முதல் இருவரும் ஜக்கார்டு எந்திரத்தோடு 1873-இல் ஊர் திரும்பினர். துளையிட்ட அட்டைகளின் வரிசையே எந்த இழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்று தீர்மானிக்கும் அந்தச் சாதனம், தறியின் மேலே ஒருவன் ஏறி உட்கார்ந்து நூல்களை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய சிரமத்தை நீக்கிற்று. நம் காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் இன்று இருக்கும் ஜக்கார்டு பெட்டியும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். யோஷிதா மட்டும் இன்னும் கற்க வேண்டியது இருக்கிறதென்று அங்கேயே தங்கினார். வியன்னா கண்காட்சியிலிருந்து திரும்பிய ஜப்பானியப் பொருள்களையும் அவரையும் ஏற்றிக்கொண்டு வந்த ‘நீல்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல், தாய்நாட்டுக் கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில், இஸு தீபகற்பத்தின் முனையருகே 1874-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் மூழ்கிற்று. அவர் கற்ற வித்தையும் அவரோடு கடலுக்குள் போயிற்று. மூன்று வருஷங்களுக்குப் பின், அராக்கி கொஹேய் என்ற கம்மியர் பிரெஞ்சு எந்திரத்தைப் பார்த்து மரத்தாலேயே ஒரு ஜக்கார்டு செய்து காட்டினார், நிஷிஜின் பிழைத்தது. ஆனால் இழந்த ஒருவரை எண்ணாமல் அந்த வெற்றியைச் சொல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கடற்பயணமும் அந்தத் தலைமுறையிலேயே நிகழ்ந்தது. 1886-இல் லண்டனின் தென் கென்சிங்டன் பகுதியில் நடைபெற்ற குடியேற்ற நாடுகள், இந்தியக் கண்காட்சிக்காக, முப்பதுக்கு மேற்பட்ட இந்தியக் கைவினைஞர்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களிற் பலர் ஆக்ரா மத்தியச் சிறைச்சாலையில் தொழில் பழக்கப்பட்டவர்கள். செயற்கையாக அமைத்த ஓர் அரண்மனை முற்றத்தில் அவர்கள் அமர்ந்து நெய்தும் வனைந்தும் காட்ட, ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்தக் கண்காட்சியைப் பார்த்துச் சென்றனர். பக்‌ஷிராம் என்ற குயவர், நூறு வயது கடந்தவரென்று சொல்லப்பட்டவர், அவர்களுள் ஒருவர். விக்டோரியா மகாராணியின் ஆணைப்படி ருடால்ஃப் ஸ்வோபோதா என்ற ஆஸ்திரிய ஓவியர் தீட்டிய அந்த முதியவரின் முகம் ஆஸ்போர்ன் மாளிகையில் இன்றும் தொங்குகிறது. அற்புதமான ஓவியம், சுருக்கங்கள் ஒவ்வொன்றும் உயிரோடிருக்கின்றன. எனினும், அந்த ஏற்பாட்டின் நோக்கமெல்லாம் அவர் கையை லண்டனுக்குக் காட்டுவதே அன்றி, லண்டனை அவர் கண்ணுக்குக் காட்டுவதன்று. உலகத்து மட்பாண்டத் தொழிலின் தலைநகரமென்று அக்காலத்தில் பெயர் பெற்றிருந்த ஸ்டாஃபர்ட்ஷயர், அங்கிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் இருந்தது. குயவர் ஒருவரை அத்தனை ஆயிரம் மைல் அழைத்து வந்தவர்களின் திட்டத்தில் அந்தச் சில மணி நேரத்துக்கு இடமிருக்கவில்லை.

ஒன்றைக் கொண்டுவா என்று அனுப்பப்பட்டவர்களையும், வந்து உன்னைக் காட்டு என்று அழைக்கப்பட்டவர்களையும் பார்த்துவிட்டோம். எதையும் கொண்டுவரக் கட்டளையில்லாமல், எவருக்கும் தன்னைக் காட்டும் அவசியமுமில்லாமல், ஒரு கைவினைஞர் அயல் மண்ணில் வாழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு, நான் அறிந்த சிறந்த திருஷ்டாந்தம் இங்கிலாந்தின் மேற்குக் கோடியில், செயின்ட் ஐவ்ஸ் என்ற மீன்பிடி ஊரில், 1920-க்கும் 1923-க்கும் இடையே நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

அந்தக் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1887-இல் ஹாங்காங்கில் பிறந்து, பிறந்தவுடனே தாயை இழந்து, ஜப்பானிலிருந்த பாட்டனார் வீட்டில் சில வருஷங்கள் வளர்ந்த பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயர், லண்டனில் ஓவியம் கற்றபின், செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கி அச்செடுக்கும் கலையை ஜப்பானியருக்குப் போதிக்கும் எண்ணத்தோடு 1909-இல் ஓர் அச்சு எந்திரத்தைச் சுமந்துகொண்டு தோக்கியோ வந்து சேர்ந்தார். போதிக்க வந்தவர் மாணவரானது 1911-இல். நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில், சுட்டு வைத்திருந்த மெருகிடாத கிண்ணங்களை விருந்தாளிகளிடம் கொடுத்து, ஏதேனும் எழுதச் சொல்லி, மெருகில் தோய்த்து, அவர்கள் எதிரிலேயே ஒரு சிறு சூளையில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் செந்தணலாக வெளியே எடுத்துக் கொடுத்தார்கள். ‘ராக்கு’ என்று பெயர் பெற்ற அந்த முறையைக் கண்ட லீச், அன்றே இதுதான் தன் தொழில் என்று முடிவு செய்துவிட்டார். கென்சான் என்னும் குயவர் பரம்பரையில் ஆறாவது ஆசிரியரான உரானோ ஷிகெகிச்சி, வயோதிகத்திலும் வறுமையிலும் இருந்தவர், அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார். முறைப்படி பரம்பரைப் பட்டயமும் பிற்பாடு அளித்தார்.

அங்கே அவருக்கு மொழி பெயர்த்து உதவப் போய்த் தாமும் குயவரான தோமிமோட்டோ கென்கிச்சியை இங்கே மறந்துவிடக்கூடாது. அவர் 1908 முதல் 1910 வரை லண்டனில் தங்கி, தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் நாள் கணக்கில் அமர்ந்து பழம் பொருள்களை வரைந்துகொண்டிருந்தவர்; கைத்தொழிலின் மேன்மையைப் போற்றிய ஆங்கிலேயர் வில்லியம் மாரிஸைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஆரம்பத்திலேயே எழுதியவர்களுள் ஒருவர். இடையில் ஒரு கட்டட நிபுணருக்கு உதவியாளராக எகிப்துக்கும் இந்தியாவுக்கும் போய் வந்தவர். ஆங்கிலேயக் கிராமக் குயவர்களின் பழைய பாண்டங்களைப் பற்றி சார்ல்ஸ் லோமாக்ஸ் 1909-இல் வெளியிட்ட புத்தகம் தோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் அவர் கைக்குக் கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் டாஃப்ட் என்பவர் குழைத்த களிமண்ணால் கோலமிட்டதுபோல் அணி செய்த தட்டுகளின் படங்களை அவரும் லீச்சும் அப்புத்தகத்தில் பார்த்துப் பரவசமடைந்தார்கள். தன் சொந்த நாட்டுப் பழஞ்செல்வத்தை ஓர் ஆங்கிலேயர் தோக்கியோவில், ஒரு ஜப்பானியரின் கையிலிருந்த புத்தகத்தில் முதலில் கண்டார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வித்து அதுவே.

யானகி சோயெட்சு என்ற இளம் தத்துவ அறிஞர் அபிகோ ஏரிக்கரையிலிருந்த தமது வீட்டுத் தோட்டத்தில் லீச்சுக்குச் சூளை கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். அங்கே 1919-இல் வந்து சேர்ந்தவர் ஹமாதா ஷோஜி. 1894-இல் பிறந்த ஹமாதா, தோக்கியோ உயர் தொழிற்பள்ளியில் மட்பாண்ட சாஸ்திரம் பயின்று, கியோத்தோவின் ஆராய்ச்சிச் சாலையில் நண்பர் கவாய் கஞ்சிரோவோடு சேர்ந்து மெருகுகளை ஆயிரக்கணக்கில் கலந்து கலந்து பரீட்சித்தவர். ரசாயனம் அவருக்குத் தெரியும். தெரியாதது, அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பது. அந்த 1919-ஆம் வருஷத்திலேயே லீச்சின் பட்டறை தீப்பிடித்து எரிந்தது. ஊர் திரும்ப அவர் தீர்மானித்தபோது, தாமும் உடன் வருவதாக ஹமாதா சொன்னார். 1920-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் லீச்சின் குடும்பமும் இருபத்தைந்து வயது ஹமாதாவும் கப்பலேறினர்.

செயின்ட் ஐவ்ஸில் பிரான்சிஸ் ஹார்ன் என்ற அம்மையார் கைத்தொழில் சங்கம் ஒன்று நடத்திவந்தார். நெசவும் தையலும் இருந்த அந்தச் சங்கத்தில் ஒரு குயவரும் வேண்டுமென்று விரும்பி, அவர் லீச்சுக்கு மூலதனம் கொடுத்து உதவினார். கலை சரித்திரங்கள் லீச்சின் மேதையைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசும்போது, பணம் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்த இந்த அம்மையாரை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. ஊருக்கு மேலே, ஸ்டென்னாக் என்ற சிற்றோடையின் கரையில், மாடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு துண்டு நிலம் வாங்கிக் கருங்கல்லால் பட்டறை எழுப்பினார்கள்.

இடம் அழகானது, குயவனுக்கு அது உகந்ததா என்பதுதான் கேள்வி. கடற்காற்று வீசும் அந்தக் கார்ன்வால் பிரதேசத்தில் மரங்கள் சொற்பம். விறகுச் சூளைக்கோ விறகு மலைபோல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் குக்வர்தி அங்கே கண்டெடுத்த வெண்ணிறப் பீங்கான் மண், கப்பல் கப்பலாகத் தூரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் வெண்களி மட்டும் திரிகையில் நில்லாது. இழுத்தால் வளையும் பிடிமானம் அதற்குப் போதாது. ஆகையால் இருவரும் பக்கத்துக் கிராமங்களில் மண் வெட்டிய பள்ளங்களைத் தேடித் திரிந்து, எடுத்து வந்து, கரைத்து, சுட்டுப் பார்த்தார்கள். கியோத்தோ குயவனுக்கு இந்தத் தேடல் பழக்கமில்லாதது. அங்கே பக்குவமான மண் கடையில் கிடைக்கும். செயின்ட் ஐவ்ஸில் எந்தச் செடியின் சாம்பல் எப்படி உருகும், எந்தப் பாறைத் தூள் எந்த நிறம் கொடுக்கும் என்று ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து தாமே கண்டறிய நேர்ந்தது. வசதிகள் நிறைந்த ஒரு பட்டறைக்கு ஹமாதா விருந்தாளியாகப் போயிருந்தால், இந்த ஞானம் அவருக்குச் சித்தித்திருக்காது என்பது என் திடமான அபிப்பிராயம். பட்டறைக் கட்டடத்திலேயே ஓர் அறையில் அவர் தங்கினார். அடுப்பும் படுக்கையும் அங்கேயே.

மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் அறைகளைக் கொண்ட கீழைத்தேசச் சூளையை அவர்கள் அங்கே கட்டினார்கள். அடி அறையில் மூட்டிய நெருப்பின் உஷ்ணம் வீணாகாமல் அடுத்த அறையையும் அதற்கடுத்ததையும் சூடேற்றிக்கொண்டு மேலே செல்லும். மேற்கு நாடுகளில் அத்தகைய சூளை எழுந்தது அதுவே முதல் தடவை. ஆனால் செங்கல் சரியில்லை, கட்டுமானமும் சரியில்லை. வாரக்கணக்கில் வனைந்தவை ஓர் இரவில் பாழாவதை அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டார்கள்.

இந்த நஷ்டங்களுக்கிடையே நடந்த ஒரு கண்டுபிடிப்பை அவர்கள் பிற்காலத்தில் உற்சாகத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தாமஸ் டாஃப்டின் காலத்து ஆங்கிலத் தட்டுகளில் ஒரு நிறத்துக் குழைமண்ணுக்குள் இன்னொரு நிறம் இறகின் வரிகளைப்போல் இழையோடும். அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. மாலைத் தேநீருக்கு ரொட்டியில் ஜாமும் கார்ன்வாலின் கெட்டியான பாலேடும் பரப்பியபோது, ஒன்றில் ஒன்று ஓடிப் படர்ந்து அதே கோலம் தோன்றிற்று. தட்டை வனைந்து முடித்த பின்னர் அணி செய்யவில்லை. தட்டையான ஈர மண் தகட்டின் மேல் குழைமண்ணை ஊற்றி, இழுத்து, சற்று உலரவிட்டு, அதன்பிறகே அச்சில் கவிழ்த்து உருக்கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இரு நூற்றாண்டுகளாக அந்தத் தேசத்தில் ரொட்டி மேல் ஜாம் தடவிக்கொண்டிருந்தவர்களுக்குத் தோன்றாதது, ரொட்டி உண்ணும் வழக்கமில்லாத ஊரிலிருந்து வந்தவர் உடனிருந்தபோது தோன்றியது.

சூளையின் துயரம் தீர வழி பிறந்தது 1922-இல். ஊஜி நகரத்து அசாஹி சூளைக் குடும்பத்தில் பிறந்த மாட்சுபயாஷி ட்சுருனோசுகே என்ற இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். தலைமுறை தலைமுறையாகத் தேநீர்க் கிண்ணம் செய்த குலம் அவருடையது. அதோடு சாஸ்திர ரீதியான படிப்பும் உண்டு. பழைய சூளையைப் பிரித்துப் போட்டு, கணக்கிட்டு, மூன்று அறைகள் கொண்ட புதுச் சூளையை அவர் கட்டினார். 1970-கள் வரை அரை நூற்றாண்டு காலம் அதில்தான் செயின்ட் ஐவ்ஸ் பாண்டங்கள் வெந்தன. மண்ணின் குணம், மெருகின் ரசாயனம், நெருப்பின் போக்கு ஆகியவற்றைப் பற்றி அரைகுறை ஆங்கிலத்தில் அவர் மாலை நேரங்களில் நிகழ்த்திய பாடங்களை, 1924-இல் மாணவியாக வந்த காதரின் பிளைடெல்-பூவரி அம்மையார் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டார். பின்னாளில் சாம்பல் மெருகில் அவர் அடைந்த கீர்த்தியின் அடிப்படை அந்தக் குறிப்புகளே. லீச் புத்தகங்கள் எழுதினார், ஹமாதா மகா கலைஞரானார். ஆகவே அவர்களை உலகம் அறிகிறது. சூளை கட்டியவர் சூளை கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அவர் இல்லையேல் மற்ற இருவரின் புகழும் விரிசல் விட்ட செங்கல்லோடு நின்றிருக்கும் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

ஹமாதாவின் இங்கிலாந்து வாசத்தில் மிக முக்கியமான நிகழ்ச்சி ஒரு விருந்துதான். 1921-இல் அவரும் லீச்சும் சஸெக்ஸ் மாவட்டத்து டிச்லிங் கிராமத்துக்குச் சென்றார்கள். அங்கே எரிக் கில் முதலிய சிற்பிகளும் அச்சுக் கலைஞரும் நகரத்தைத் துறந்து குடியேறியிருந்தனர். எதல் மேரெட் என்ற நெசவாசிரியை, செடி கொடிகளிலிருந்து சாயம் காய்ச்சி, தாமே நூற்ற கம்பளி நூலை நெய்து வந்தவர், அவர்களுக்கு உணவளித்தார். மேஜையின் மேல் டெவன் பகுதிக் கிராமக் குயவர் ஒருவரின் பழம்பாணிப் பாத்திரங்கள், விரிப்பு கைநெசவு, நாற்காலி ஊர்த் தச்சரின் வேலை, ஒன்றும் காட்சிக்காக வைக்கப்பட்டதல்ல, எல்லாம் அன்றாடம் புழங்குவன. தோக்கியோவிலும் கியோத்தோவிலும் கலைஞனாக வாழ்வது எப்படி என்று மட்டும் கண்டிருந்த ஹமாதாவுக்கு, கிராமத்தில் குடித்தனக்காரனாக வாழ்ந்தபடியே கைவினையில் உன்னதம் அடையலாம் என்பது அந்த மேஜையில் புலப்பட்டது. அவர் அதை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழ் வாசகர் இந்த எதல் அம்மையாரைப் பற்றி இன்னும் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் வந்த சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி 1902-இல் மணந்த முதல் மனைவி இவரே. கணவர் இலங்கையின் கனிமங்களை ஆராயும் உத்தியோகத்தில் 1903 முதல் அங்கே பணி செய்தபோது, எதலும் உடன் சென்று, கிராமம் கிராமமாகக் கைவினைகளைக் கண்டு, படமெடுத்து, தையல் வேலைகளையும் நெசவையும் பற்றிக் குறிப்பெழுதினார். அந்த உழைப்பின் பலனாக 1908-இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் மகத்தான நூலை, வில்லியம் மாரிஸ் உபயோகித்த அச்சு எந்திரத்திலேயே அச்சிட்டார்கள். கண்டியில் சாயத் தொட்டியையும் தறியையும் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே அவர் இங்கிலாந்தில் தாமே தறியில் உட்கார்ந்தார். அந்தத் தம்பதிகள் பின்னர்ப் பிரிந்தாலும், கற்ற பாடம் பிரியவில்லை. ஆகவே, ஜப்பானியக் குயவர் சஸெக்ஸ் கிராமத்தில் பெற்ற அந்தத் தரிசனத்துக்குப் பின்னால், இலங்கைக் கைவினைஞர்களின் திண்ணைகளும் ஒரு தமிழ் அறிஞரின் இல்லமும் இருந்தன.

1923-இல் லண்டன் ஓல்ட் பாண்ட் தெருவில் ஹமாதாவின் பாண்டங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும் மதிப்புப் பெற்றன. அவர் அங்கேயே தங்கிப் பேரும் பணமும் சம்பாதித்திருக்கலாம். அவ்வருஷம் செப்டம்பர் முதல் தேதி தோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பச் செய்தி வந்தது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்ன ஆனார்களோ என்ற கவலையோடு அவர் புறப்பட்டார். பெட்டியில் ஆங்கிலக் கிராமத்துக் குழைமண் தட்டுகள் சில இருந்தன. கியோத்தோவில் கவாயும் மற்ற நண்பர்களும் அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்து மெய்மறந்தார்கள்.

கியோத்தோவில் அவர் தங்கவில்லை. தோக்கியோவுக்கு வடக்கே மாஷிக்கோ என்ற ஊரில், 1853-இல் தொடங்கிய சூளைகள், தலைநகரத்துச் சமையலறைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் ஊறுகாய் ஜாடியும் கெட்டிலும் செய்து அனுப்பிக்கொண்டிருந்தன. படித்த கலைஞர் எவரும் எட்டிப் பாராத ஊர் அது. ஹமாதா 1924-இல் அங்கே போய், ஊர்க் குயவர்களின் பட்டறையில் ஓர் ஓரம் கேட்டு வேலை தொடங்கினார். இடையிடையே ஓகினாவாவின் ட்சுபோயா சூளைகளில் மாதக்கணக்கில் தங்கினார். பிற்பாடு பழைய பண்ணை வீடு ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்தெடுத்து வந்து நிறுத்திக் குடியேறினார். ஊர் மண்ணைச் சுத்திகரித்து மேன்மைப்படுத்தாமல் உள்ளபடியே ஏற்றார். உள்ளூர்க் கல்லை இடித்த பொடியே அவரது பழுத்த செம்பழுப்பு மெருகு. நாயின் ரோமத்தில் தாமே கட்டிய தூரிகைதான் எழுதுகோல். ஆங்கிலப் பாணியைப் பிரதிசெய்ய அவர் முயலவில்லை. செயின்ட் ஐவ்ஸில் வாய்த்த கட்டாயத்தை மாஷிக்கோவில் தம் விருப்பமாக ஏற்றுக்கொண்டார்.

இங்கிலாந்திலும் இதற்கிணையான ஒன்று நிகழ்ந்தது. 1923-இல் செயின்ட் ஐவ்ஸில் சேர்ந்த மைக்கேல் கார்டியூ, மூன்று வருஷங்களில் விஞ்ச்கோம் கிராமத்தில் கைவிடப்பட்ட சூளையொன்றை எடுத்து நடத்தி, ஆங்கிலக் குழைமண் பாண்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1925-இல் யானகியும் ஹமாதாவும் கவாயும் பொதுஜனக் கைவினைகளைப் போற்றும் இயக்கத்தைத் திட்டமிட்டு, 1936-இல் தோக்கியோவின் கொமாபாவில் அதற்கொரு அருங்காட்சியகம் நிறுவினார்கள். இவற்றை விரித்தால் வேறு கட்டுரையாகும்.

1952-இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் குயவர்களும் நெசவாளர்களும் கூடிய சர்வதேச மாநாட்டுக்குப் பின், லீச், ஹமாதா, யானகி மூவரும் அமெரிக்காவைச் சுற்றி வந்தார்கள். மொண்டானா மாநிலத்து ஹெலினா நகரில், ஒரு செங்கல் சூளை முதலாளி தம் காளவாய் வளாகத்திலேயே முந்திய வருஷம் தொடங்கிய ஆர்ச்சி பிரே ஸ்தாபனத்தில் அவர்கள் தங்கி வனைந்து காட்டியபோது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த பீட்டர் வோல்கோஸும் ரூடி ஆட்டியோவும் அருகில் நின்று பார்த்தார்கள். அமெரிக்க மட்கலையின் பிற்காலப் போக்கையே மாற்றியவர்கள் அவ்விருவரும். இன்று குயவர்களுக்குத் தங்குமிடமும் மண்ணும் நெருப்பும் கொடுத்து ஆதரிக்கும் இடங்களுள் அந்தச் செங்கல் காளவாய்க்குத் தனிப் பெயர் உண்டு; ஜப்பானில் ஷிகராக்கியிலும் அத்தகைய ஏற்பாடு இருக்கிறது. ஹமாதா 1955-இல் தேசத்தின் வாழும் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டு, 1978-ஆம் வருஷம் ஜனவரி 5-ஆம் தேதி, லீச்சின் பிறந்த நாளன்று காலமானார். அடுத்த வருஷம் லீச்சும் மறைந்தார்.

இக்காலத்து வாசத் திட்டங்களை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஒன்றுமில்லாததற்கு அவை எவ்வளவோ மேல். ஆனால் ஆறு வாரமோ மூன்று மாதமோ கொடுத்து, முடிவில் ஒரு கண்காட்சியும் ஓர் அறிக்கையும் கேட்கும்போது, போனவர் தமக்குத் தெரிந்ததையே இன்னும் வேகமாகச் செய்து காட்டிவிட்டு வருகிறார். ஹமாதாவுக்கு மூன்று வருஷங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி, பாழான சூளைகளிலும் மண் தேடிய நடையிலும் கழிந்தது. எந்தக் குழுவின் முன்னும் அவற்றைச் சாதனையாகச் சமர்ப்பித்திருக்க முடியாது.

நம் தேசத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. காஷ்மீரத்தைச் சேர்ந்த குர்சரண் சிங், டில்லி மட்பாண்டத் தொழிலதிபர் ஒருவரால் 1919-இல் தோக்கியோவுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள உயர் தொழிற்பள்ளியில் பயின்று, லீச், ஹமாதா, தோமிமோட்டோ, யானகி ஆகியோரின் நட்பைப் பெற்று, 1922-இல் திரும்பினார். அவர் 1952-இல் டில்லியில் நிறுவிய பட்டறை, படித்த இந்தியர் பலரைத் திரிகையின் முன் உட்கார வைத்தது. தமிழகத்தின் அண்டையில், புதுச்சேரியில், ரே மீக்கரும் ஜப்பானில் தொழில் பயின்ற டெபரா ஸ்மித்தும் 1971-இல் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கினார்கள். உயர்ந்த சூட்டில் கல்போல் இறுகும் மட்கலம் இந்தப் பக்கத்தில் பரவியதற்கு அவர்களே காரணம். அங்கே பயின்றவர்களின் சூளைகள் ஆரோவில்லிலும் பிற ஊர்களிலும் எரிகின்றன.

ஆனால் இந்த வழியாகப் போய் வந்தவர்கள் அநேகமாகக் கல்லூரியில் படித்தவர்கள். புதுக்கோட்டையிலும் மதுரைச் சீமையிலும் ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அய்யனார் குதிரையைச் சக்கரமும் கையும் மட்டும் கொண்டு எழுப்பி, வைக்கோலும் வரட்டியும் மூட்டிச் சுட்டெடுக்கும் வேளார்கள் இருக்கிறார்கள். கிராமக் கோயிலில் பூசையும் செய்கிற அவர்களுடைய மண் ஞானம், மாஷிக்கோ குயவருக்குச் சற்றும் தாழ்ந்ததல்ல. டில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் அவர்கள் கைவண்ணம் நிற்கிறது, கண்காட்சிகளிலும் விழாக்களிலும் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து வனைந்து காட்டும்படி அவர்களை அழைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம். 1886-இன் முற்றத்தைவிட மரியாதை கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆயினும் காட்டுவதற்கே அழைக்கிறோம். அவர்களில் ஓர் இளைஞர் மாஷிக்கோவுக்கோ செயின்ட் ஐவ்ஸுக்கோ போய், ஒருவருக்கும் எதையும் செய்து காட்டாமல், அந்த ஊர் மண்ணைத் தேடி நடந்து, நாலைந்து சூளை பாழாக்கி, யார் வீட்டிலாவது விருந்துண்டு திரும்ப வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. அவருக்குக் கப்பற் கூலியும் மூன்று வருஷச் சாப்பாடும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, நம்மிடையே ஒரு ஹார்ன் அம்மையார் வேண்டும்.